மிளகாச் செடியில பேன் இருக்கா? மருந்து வாங்கறதுக்கு முன்னாடி இலையத் திருப்பிப் பாருங்க

மலேசியாவுல, ஜொகூர் குளுவாங் பக்கம் ஒரு செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டத்துல ஃபீல்டு வேலை பாக்கறேன்னு தெரிஞ்சதால, எங்க தாமான்ல, அதாவது குடியிருப்புல, யார் வீட்டுச் செடிக்கு என்ன வந்தாலும் வாட்சப்ல படம் எனக்குத்தான் வரும். அதுல பெரும்பாலும் ஒரே விஷயம்தான். சிலி பாடி மிளகா நுனி சுருண்டு போச்சு, பயத்தங்கா பிஞ்சு முழுக்க கருப்பா என்னமோ அப்பிக்கிட்டு இருக்கு, கத்தரி இலையத் தொட்டா பிசுபிசுன்னு ஒட்டுது, இதுக்கு என்ன மருந்துண்ணே அடிக்கறது? மருந்துப் பேரச் சொல்றது லேசு, ஆனா நான் உடனே சொல்றதில்ல. இலையத் திருப்பி அடிப்பக்கத்தக் கிட்ட வச்சு ஒரு படம் எடுத்து அனுப்புங்கன்னுதான் முதல்ல கேப்பேன், ஏன்னா பேன் எவ்வளவு இருக்குங்கறத விட அதத் தின்ன வந்தவங்க எத்தன பேரு இருக்காங்கங்கறதுதான் எனக்குத் தெரியணும். அது தெரியாம மருந்து அடிச்சா, நமக்காக வேலை செஞ்சுகிட்டு இருக்கறவங்களத்தான் முதல்ல கொல்றோம். இத ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்றதுக்குப் பதிலா ஒரே இடத்துல விலாவாரியா எழுதி வைக்கறேன்.

நாம பேனுன்னு சொல்றத மலாய்ல குட்டு டாவுன்னு (kutu daun) சொல்வாங்க, தமிழ்நாட்டு விவசாயப் பக்கங்கள்ல அசுவினின்னு போட்டிருக்கும். உடம்பு ஒண்ணுலேர்ந்து மூணு மில்லிமீட்டர்தான், தலைப்பக்கம் சிறுத்து பின்பக்கம் உருண்டு இருக்கும், பின்னாடி முதுகுல ரெண்டு குட்டிக் குழாய் நீட்டிக்கிட்டு இருக்கும். ஃபோன் கேமராவ பெருசாக்கிப் பாத்தீங்கன்னா அந்த ரெண்டு குழாயும் தெரியும், தெரிஞ்சா அது அசுவினிதான், சந்தேகமே இல்ல. பயத்தங்காயில வர்றது பளபளன்னு கருப்பு, அதோட குஞ்சுங்க மேல சாம்பல் பூசின மாதிரி இருக்கும். மிளகா, வெண்டை, கத்தரி, வெள்ளரியில வர்றது மஞ்சள்லேர்ந்து கரும்பச்சை வரைக்கும் பல நிறத்துல இருக்கும், ஒரே செடியிலயே ரெண்டு மூணு நிறம் பாக்கலாம். வாழையில வர்றது மட்டை இடுக்குலயும் அடியில மண்ண ஒட்டியும் ஒளிஞ்சிருக்கும், எறும்பு போறதப் பாத்துத்தான் கண்டுபிடிக்கணும். எலுமிச்ச, லிமாவ் கஸ்தூரி கொழுந்துலயும் கருப்பா ஒண்ணு வரும்.

இங்க ஒரு சின்ன எச்சரிக்கை. வெள்ளையா பஞ்சு பஞ்சா ஒட்டிக்கிட்டு இருந்தா அது மாவுப்பூச்சி, வேற ஆளு. கறிவேப்பிலை கொழுந்துல தட்டையா மஞ்சளா உக்காந்துகிட்டு வெள்ளையா நூல் நூலா மெழுகு விட்டுக்கிட்டு இருந்தா அதுவும் அசுவினி இல்ல, அது சில்லிடுன்னு சொல்ற பூச்சி, எலுமிச்ச ஆரஞ்சு மரத்தையெல்லாம் சாகடிக்கற பச்சையாதல் நோயப் பரப்பறது அதுதான். வீட்டுல கறிவேப்பிலையும் லிமாவும் பக்கத்துல பக்கத்துல வச்சிருக்கறவங்க இதக் கண்டிப்பா கவனிக்கணும்.

சரி, அசுவினி என்ன பண்ணுது? ஊசி வாய இலை நரம்புக்குள்ள இறக்கி, செடி தனக்காக சமைச்சு அனுப்பற சர்க்கரைச் சாறு ஓடற குழாயிலயே குடிக்குது. அந்தச் சாறுல சர்க்கரை நிறைய, புரதத்துக்கு வேண்டியது ரொம்பக் கம்மி. அந்தக் குறைய ஈடுகட்ட அதோட உடம்புக்குள்ளயே ஒரு பாக்டீரியா குடியிருக்கு, புக்னேரான்னு பேரு, அது தேவையான அமினோ அமிலங்களச் செஞ்சு குடுக்கும், தாய்கிட்டேர்ந்து குஞ்சுக்கு வயித்துலயே போய்ச் சேந்துடும். அது போக மிச்ச சர்க்கரைத் தண்ணிய அப்படியே பின்னாடி சொட்டு சொட்டா விட்டுரும். நம்ம கையில பிசுபிசுன்னு ஒட்டறது அதுதான். அது மேலதான் கருப்பா கரும்பூசணம் படியும், இலை மேல கரி பூசினாப்புல ஆயிடும், வெயில் இலைக்குள்ள இறங்காது. நிறைய பேரு இந்தக் கருப்பப் பாத்துட்டு பூசண மருந்து வாங்கி அடிக்கறாங்க. மூலம் மேல் கொழுந்துல உக்காந்துருக்கு, அடிக்கறது கீழ் இலைக்கு, அப்புறம் எப்படிப் போகும்?

பெருகற வேகம்தான் எல்லாரையும் பயமுறுத்தறது. குளிர் நாட்டுல அசுவினிக்கு ஆணும் உண்டு, பனிக்காலத்துக்கு முட்டையும் உண்டு. நம்ம வெயில்ல அதுக்கெல்லாம் அவசியமே இல்ல, கண்ணுல படறது எல்லாமே பொட்டைதான், ஆணே இல்லாம நேரா குஞ்சு போடும், போடற குஞ்சும் பொட்டைதான். அதவிட ஆச்சரியம், ஒரு குஞ்சு பொறக்கும்போதே அதோட வயித்துக்குள்ள அடுத்த தலைமுறை கரு உருவாக ஆரம்பிச்சிருக்கும். பாட்டி, அம்மா, பேத்தி மூணு பேரும் ஒரே உடம்புக்குள்ள. பொறந்து ஒரு வாரத்துக்குள்ள அதுவும் குஞ்சு போட ஆரம்பிச்சிடும். இடம் நெருக்கடியாச்சுன்னாலோ செடி வாட ஆரம்பிச்சாலோ அடுத்து பொறக்கறதுல கொஞ்சத்துக்கு இறக்கை முளைச்சிரும், காத்துல ஏறி அடுத்த வீட்டுச் செடிக்குப் போயிரும். அதனாலதான் நேத்து வரைக்கும் ஒண்ணுமில்லண்ணே, இன்னிக்குப் பாத்தா முழுக்க இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. அவங்க சொல்றது நிஜந்தான்.

இதுக்கு எரிபொருள் ஊத்தறது நாமளே. தோட்டத்துல வேலை பாக்கறவங்க வீட்டுல உரம் ஈஸியா கிடைக்கும், யூரியாவ ஒரு கை அள்ளிப் போட்டா செடி ரெண்டே வாரத்துல தளதளன்னு வரும், பாக்க சந்தோஷமாத்தான் இருக்கும், ஆனா நைட்ரஜன் ஏறின இளங்கொழுந்துல சாறும் சத்தா இருக்கும், தோலும் மெலிசா இருக்கும், அசுவினிக்கு அதவிட நல்ல சாப்பாடு கிடையாது. அதோட பிப்ரவரி மார்ச் வெயில் சேந்துச்சுன்னா கேக்கவே வேணாம். மழைக்காலத்துல ஒரு பேய்மழை பெஞ்சா பாதி கூட்டம் மண்ணுல விழுந்து செத்துரும், ஈரத்துல அதுகளத் தாக்கற பூஞ்சையும் வரும், இலையோட ஒட்டினாப்புல செத்துக் கிடக்கும். காஞ்ச மாசத்துல அந்த உதவி ரெண்டும் கிடையாது.

இப்பதான் நான் முக்கியமா சொல்ல வந்தது. இந்தக் கூட்டத்தத் தின்ன வர்றவங்கள நம்ம ஆளுங்களுக்கு அடையாளம் தெரியல. அதுலயும் குறிப்பா அவங்க குஞ்சுகள. பொறிவண்டுன்னா எல்லாருக்கும் தெரியும், சிவப்பு வண்டு, கருப்புப் புள்ளி, ஸ்கூல் புத்தகத்துல படமே இருக்கு. நம்ம பக்கம் அதிகம் பாக்கறது ஆரஞ்சு நிறத்துல கருப்புக் கோடு வளைஞ்சு வளைஞ்சு போற இனம். வண்டப் பாத்தா புள்ளைங்க கூட கையில எடுத்து விளையாடும். ஆனா அந்த வண்டோட குஞ்சு இருக்கு பாருங்க, அதக் காட்டினா பத்துல ஒம்போது பேரு ஐயோ புழுன்னு நசுக்கிடுவாங்க. நீளமா, கருஞ்சாம்பல் நிறத்துல, முதுகுல முள்ளு முள்ளா, அங்கங்க மஞ்சளோ ஆரஞ்சோ திட்டு, ஆறு காலும் வெளிய நீட்டிக்கிட்டு, ஒரு குட்டி முதலை இலை மேல ஊர்ற மாதிரி இருக்கும். வண்ட விட இதுதான் பெருந்தீனி. வளர்ற வயசு, வேற வேலையே கிடையாது, ஓயாம தின்னும், வளர்ந்து முடிக்கறதுக்குள்ள நூத்துக்கணக்குல அசுவினியக் காலி பண்ணிரும். பெரிய வண்டு ஒரு நாளைக்கு 50 வரைக்கும் தின்னும்னு சொல்வாங்க. முட்டை மஞ்சள் நிறத்துல, நீளவாக்குல நிக்க வச்சு ஒரு கொத்தா இலை அடியில இருக்கும். அசுவினிக் கூட்டத்துக்குப் பக்கத்துலயே வைக்கும், பொறந்த உடனே சாப்பாடு. கடைசில அது இலையோட வால ஒட்டிக்கிட்டு சுருண்டு உக்காந்துரும், அது கூட்டுப்புழு, செத்துப்போன பூச்சின்னு நெனச்சுப் பிச்சு எறியாதீங்க, சில நாள்ல வண்டு வெளிய வரும்.

கத்தரி போட்டவங்களுக்கு மட்டும் ஒரு விஷயம். பொறிவண்டுலயே ஒரு குடும்பம் இலை தின்னும். அது கத்தரியிலயும் பாகக்காயிலயும் வரும், முதுகுல 28 புள்ளி வரைக்கும் இருக்கும், மேல பளபளப்பு இருக்காது, மெல்லிசா முடி முடியா மங்கலா இருக்கும், குஞ்சு மஞ்சளா கிளை கிளையா முள்ளோட இருக்கும், இலையச் சொரண்டி சல்லடையாக்கிடும். பளபளன்னு இருந்தா நண்பன், மங்கலா முடியோட இருந்து இலையும் சல்லடையா இருந்தா கையாலயே எடுத்து சோப்புத்தண்ணியில போடுங்க. இந்த ஒண்ணத் தவிர மத்தத தொடாதீங்க.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடிச்சது, பூ மேல அந்தரத்துல அசையாம நிக்கற ஈ. மஞ்சளும் கருப்புமா வரி போட்டிருக்கறதால குளவின்னு நெனச்சு விரட்டுவாங்க, அதுக்குக் கொடுக்கே கிடையாது, ஒண்ணும் செய்யாது, சிர்ஃபிட் ஈன்னு பேரு. பெரிய ஈ பூவுல தேனும் மகரந்தமும்தான் சாப்பிடும். முட்டைய மட்டும் அசுவினிக் கூட்டத்துக்கு நடுவுல, வெள்ளையா நீளமா ஒண்ணு ஒண்ணா வச்சிட்டுப் போயிரும். அதுலேர்ந்து வர்றது காலும் கிடையாது கண்ணும் கிடையாது, பச்சையா கண்ணாடித்தனமா வழுவழுன்னு ஒரு புழு, முன்பக்கம் கூர்மையா இருக்கும். நரம்புக்கு இணையா ஒட்டிக்கிட்டு படுத்திருந்தா பறவை எச்சம்னு நெனச்சுக்கிட்டுப் போயிருவோம். தலைய இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வீசித் தடவித் தடவி ஒரு அசுவினியப் பிடிச்சு, அத இலையிலேர்ந்து அப்படியே மேல தூக்கி, அது கால உதைச்சுக்கிட்டு இருக்கும்போதே உறிஞ்சிட்டு வெறுந்தோலக் கீழ போடும். ராத்திரியில டார்ச் அடிச்சுப் பாருங்க, அப்பதான் அதிகம் வேலை செய்யும். பயத்தங்கா கொடியில இது ஒண்ணு ரெண்டு இருந்தாலே நான் தைரியமா விட்டுருங்கன்னு சொல்லிடுவேன்.

ராத்திரி சமையலறை விளக்குக்கு வெளிர்பச்சையா, கண்ணாடி இறக்கையோட, மெலிசா ஒரு பூச்சி வரும், பாத்திருப்பீங்க. அது கண்ணாடி இறக்கைப் பூச்சி. அதோட முட்டைதான் ஆச்சரியம், ஒவ்வொண்ணும் ஒரு மெல்லிய இழையோட நுனியில நிக்கும், இலையில வெள்ளையா குண்டூசி குத்தி வச்ச மாதிரி. எங்க தாமான்ல சீனக் குடும்பங்கள்ல சில பேரு இத உதும்பரப் பூன்னு புனிதமா நெனப்பாங்க, சாமிச் சிலையில வந்துச்சுன்னா தொடவே மாட்டாங்க. நம்மளும் அந்த மரியாதையக் குடுக்கலாம், அதுலேர்ந்து வர்ற குஞ்சு ரெண்டு அரிவாள் பல்லோட அசுவினியப் பிடிச்சு உறிஞ்சற வேட்டைக்காரன். அதுல சில இனம் தின்னு முடிச்ச தோலையும் குப்பையையும் முதுகுல சுமந்துக்கிட்டே திரியும், எறும்புக்கு அடையாளம் தெரியாம இருக்க. நடக்கற குப்பைய இலை மேல பாத்தீங்கன்னா தட்டி விடாதீங்க.

கடைசியா கண்ணுக்கே சரியாத் தெரியாத ஆளு. ரெண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும், குளவி, ஆனா மனுஷனக் கொட்டத் தெரியாது. அசுவினிக்கு முன்னாடி நின்னு வயித்த காலுக்கு நடுவுல முன்னாடி வளைச்சு ஒரே குத்து, ஒரு முட்டை உள்ள போயிரும். உள்ள பொரிச்ச புழு அசுவினிய உயிரோடயே தின்னு முடிக்கும். வெளிய நமக்குத் தெரியறது என்னன்னா, கூட்டத்துக்கு நடுவுல சிலது மட்டும் உப்பிப் போய், பழுப்பா, உலர்ந்து, அசையாம ஒட்டிக்கிட்டு இருக்கும், சில குளவி இனம் பண்ணினது கருப்பா இருக்கும். கொஞ்ச நாள்ல அதுல வட்டமா ஒரு ஓட்டை விழும், குளவி வெளிய போயிருச்சுன்னு அர்த்தம். படத்துல இந்த உப்பின கூடு அங்கங்க தெரிஞ்சா அந்தச் செடிக்கு மருந்தே வேணாம். பாக்க அசிங்கமா இருக்குன்னு அந்த இலையப் பிச்சு குப்பையில போட்டா நூறு குளவியக் குப்பையில போட்டதுதான்.

இவங்க எல்லாரும் இருந்தும் ஏன் நம்ம செடியில பேன் பெருகுது? நேரக் கணக்குதான். அசுவினிக்கு ஒரு தலைமுறைக்கு ஒரு வாரம் போதும். பொறிவண்டுக்கு முட்டையிலேர்ந்து வண்டு வரைக்கும் ரெண்டு மூணு வாரம் ஆகும். அதோட சாப்பாடு சேராம அதுங்க வரவே வராது, காலி இலையில முட்டை வச்சா குஞ்சு பட்டினில செத்துரும்னு அதுங்களுக்குத் தெரியும். அதனால முதல்ல அசுவினி ஏறும், கொஞ்சம் பிந்தித்தான் எதிரி ஏறும். நாம பாத்து பதறிப்போய் மருந்து எடுக்கற நேரம் சரியா அந்த நடுவுல விழுது, எதிரி முட்டை வச்சு குஞ்சு பொரிக்கற சமயம். அடிச்சதும் ரெண்டு கூட்டமும் விழும், எங்கயோ சுருண்ட இலைக்குள்ள தப்பிச்ச நாலு அசுவினி ஒரு வாரத்துல மறுபடி பெருகும், இந்தத் தடவ தின்ன ஆளே இல்ல. மறுபடி மருந்து. அதுலயும் சில அசுவினி இனம் பல மருந்துக்குப் பழகிப் போயிருச்சு, அடிச்சாலும் சாகாது, சாகறது பொறிவண்டு மட்டும்தான்.

இது நான் வீட்டுச் செடியப் பாத்து கண்டுபிடிச்ச ஞானம் இல்ல, செம்பனைத் தோட்டம் பெரிய விலை குடுத்துப் படிச்ச பாடம். 1950 கடைசிலயும் 1960 ஆரம்பத்துலயும் மலாயா செம்பனையில டிடிடி, டீல்ட்ரின் மாதிரி நீண்ட நாள் நிக்கற மருந்தெல்லாம் அடிச்சாங்க. அடிச்ச பிறகுதான் கூடுகட்டிப் புழு, உலாட் புங்குஸ், ஏக்கர் ஏக்கரா மட்டையத் தின்ன ஆரம்பிச்சது. புழு தன் கூட்டுக்குள்ள பத்திரமா இருக்கும், வெளிய பறந்து வந்து அதுல முட்டை வைக்கற குளவிதான் மருந்துல செத்துச்சு. பிரையன் வுட்னு ஒரு பூச்சியியல் ஆளு இங்க ஜொகூர்ல இருந்து இத ஆராய்ஞ்சு, கண்டபடி அடிக்கறத நிறுத்துங்க, எதிரிங்க திரும்பி வரும்னு காட்டினாரு. அதே காலத்துல சபாவுல கொக்கோவுல கோர்டன் கான்வேன்னு ஒருத்தர் இதே முடிவுக்கு வந்தாரு. இன்னிக்கு நாங்க தோட்டத்துல புழு இருக்குன்னு யாரோ சொன்னதும் பம்ப எடுத்துக்கிட்டு ஓடறதில்ல. முதல்ல சென்சஸ். மட்டைய வெட்டி இறக்கி, புழு எத்தன, அதுல உயிரோட எத்தன, குளவி விழுந்தது எத்தனன்னு எண்ணி எழுதணும், ஒரு அளவுக்கு மேல போனாத்தான் மருந்து, அதுவும் முடிஞ்ச வரைக்கும் புழுவ மட்டும் கொல்ற பாக்டீரியா மருந்து. ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு எண்ணிப் பாக்க முடியுதுன்னா நாலு பெயிண்ட் டின்னு மிளகாச் செடிக்கு எண்ணிப் பாக்க முடியாதா?

எங்கம்மா தோட்டத்துல சேந்த புதுசுல பாத்த வேலை ஒண்ணு இப்ப இருக்கறவங்களுக்குத் தெரியாது. செம்பனைப் பொட்டைப்பூவுக்கு மனுஷங்கதான் மகரந்தம் ஊதணும். மகரந்தத்த டால்கம் பவுடரோட கலந்து ஒரு ஊதற டப்பாவுல எடுத்துக்கிட்டு மரம் மரமா போய், மட்டை முள்ளு கையக் கிழிக்க, பூ விரிஞ்சிருக்கான்னு பாத்துப் பாத்து ஊதுவாங்க, பெரும்பாலும் பொம்பளைங்கதான். அப்புறம் லெஸ்லி டேவிட்சன்னு ஒரு தோட்டத்துக்காரர், ஆப்பிரிக்காவுல யாரும் ஊதாமலே குலை நல்லாப் புடிக்குதே, அங்க ஏதோ பூச்சி பண்ணுதுன்னு சந்தேகப்பட்டு கிளப்பிவிட, பாகிஸ்தான்ல இருந்து வந்த ரஹ்மான் சையத்ங்கற பூச்சியியல் அறிஞர் கேமரூன் நாட்டுல போய் உக்காந்து ஆராய்ஞ்சு, ஒரு சின்னக் கூன்வண்டுதான் அந்த வேலையச் செய்யுதுன்னு கண்டுபிடிச்சாரு. வேற பயிருக்குப் போகாதுன்னு சோதிச்சுப் பாத்துட்டு, 1981 ல நம்ம குளுவாங் பக்கத்துலதான் அத முதல்ல பறக்க விட்டாங்க. அதுக்கப்புறம் ஊதற வேலையே இல்லாமப் போச்சு. அந்த வண்டு இன்னிக்கும் ஆண் பூவத் தட்டினா கொட்டும், எங்க ஊருப் பொருளாதாரமே அது முதுகுல ஓடுது. எலிக்கு ஆந்தைப் பெட்டி வைக்கறோம், புழுவுக்குக் குளவி வளக்கறோம். இவ்வளவு பாத்த ஊரு வீட்டு மிளகாச் செடிக்கு மட்டும் ஏன் உடனே போத்தலத் தேடுதுன்னு எனக்கு மனசு ஆறல.

மனசு ஆறாததுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. அம்மா காலத்துப் பொம்பளைங்க அப்புறம் முதுகுல பம்பு மாட்டிக்கிட்டு களைமருந்து அடிக்கற வேலைக்குப் போனாங்க, கையுறை இல்லாம, முகத்துக்கு ஒரு துண்டு மட்டும் கட்டிக்கிட்டு. நகம் கருத்தவங்க, கண்ணு எரிஞ்சவங்க, மூக்குல ரத்தம் வந்தவங்க எல்லாரும் எங்க லயத்துலயே இருந்தாங்க. பாராகுவாட்ங்கற களைமருந்து மலேசியாவுல முழுசா தடையானது 2020 ஜனவரி 1 லேர்ந்துதான். அந்த உடம்புகளப் பாத்து வளந்தவன் நான். நாளைக்குச் சட்டினிக்குப் பறிக்கப்போற மிளகாயில, புள்ளைங்க விளையாடற வாசல்ல, தேவையே இல்லாத இடத்துல மருந்து தெளிக்கறத என்னால சாதாரணமா எடுத்துக்க முடியல.

எறும்பு விஷயத்துக்கு வர்றேன், அத விட்டா எதிரி வந்தும் பிரயோஜனம் இல்ல. அசுவினி விடற சர்க்கரைத் தண்ணிக்காக எறும்பு அதுங்களக் காவல் காக்கும், தடவிக் குடுத்து சொட்டு வாங்கும், பொறிவண்டு வந்தா கடிச்சு விரட்டும், அதோட முட்டையத் தூக்கிக்கிட்டுப் போயிரும். செடியில எறும்பு வரிசை மேல கீழ போச்சுன்னா மேல யாரோ சாறு குடிக்கறாங்கன்னு அர்த்தம். தொட்டிச் செடின்னா தொட்டிய ஒரு தட்டுத் தண்ணி நடுவுல கல்லு வச்சு அது மேல தூக்கி வைங்க, தண்ணிய ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா மாத்திடணும், இல்லன்னா கொசு வந்து டெங்கி வேற. மரம்னா அடிமரத்துல துணியோ டேப்போ சுத்தி அது மேல கிரீஸ் தடவலாம், பட்டையில நேரா தடவ வேணாம். இலை செவத்துல தொட்டுக்கிட்டு இருந்தா அந்த வழியா ஏறும், அதையும் வெட்டி விடணும். எறும்ப வேரோட அழிக்கச் சொல்லல, கொக்கோவுல கருப்பு எறும்ப வளத்துத்தான் ஹெலோபெல்டிஸ்னு ஒரு பூச்சியத் தடுத்தாங்க, கெரெங்கா எறும்பும் எத்தனையோ புழுவத் தின்னும். இந்தச் செடியில இந்த நேரத்துல மட்டும் அது ஏறாமப் பாத்துக்கிட்டா போதும்.

நடுவுல நம்ம கையால செய்யறது என்ன? கூட்டம் சின்னதா இருந்தா விரலால வழிச்சு விடுங்க. ஹோஸ்ல தண்ணிய வேகமா இலை அடியில காலையில அடிங்க, விழுந்ததுல பலதுக்கு வாய் முறிஞ்சிரும், திரும்ப ஏற முடியாது. ரொம்ப மோசமான நுனிய மட்டும் வெட்டி எடுங்க, வெட்டறதுக்கு முன்னாடி எதிரி குஞ்சு இருக்கான்னு பாத்து இருந்தா பக்கத்து இலைக்கு மாத்திருங்க. அப்பவும் அடங்கலன்னா ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு டீஸ்பூன் பாத்திரம் கழுவற சோப்பு, சாயங்காலம், கூட்டம் இருக்கற இடத்துல மட்டும் நனையற மாதிரி அடிங்க, முதல்ல ஒரு இலையில அடிச்சு கருகுதான்னு ஒரு நாள் பாத்துக்கங்க. சோப்பு மேல பட்டதத்தான் கொல்லும், காஞ்சதும் அதுக்கு சக்தி கிடையாது, நாளைக்கு வர்ற வண்டுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா மேல பட்டா பொறிவண்டுக் குஞ்சும் சாகும், அதனால கண்ணத் திறந்து வச்சுக்கிட்டு அடிங்க. யூரியாவ நிறுத்திட்டு மக்கின உரம் போடுங்க.

ஒண்ணு மட்டும் எதிரிங்களாலயும் முடியாது, அதையும் நேராச் சொல்லிடறேன். வைரஸ். மிளகா இலையில நரம்ப ஒட்டி கரும்பச்சையும் வெளிர்பச்சையுமா திட்டு திட்டா வந்து, இலை சிறுத்து நெளிஞ்சு போச்சுன்னா அது பெரும்பாலும் நம்ம நாட்டுல மிளகாயில ரொம்ப வருஷமா இருக்கற நரம்புத் திட்டு வைரஸ். இறக்கை அசுவினி வந்து இலையில ருசி பாக்க ஒரு சில நொடி வாய வச்சாலே ஒட்டிக்கும், அடுத்த செடியில ருசி பாக்கும்போது இறங்கிரும். பொறிவண்டு வர்றதுக்கு முன்னாடியே காரியம் முடிஞ்சிருக்கும், மருந்து அடிச்சாலும் அது சாகறதுக்குள்ள முடிஞ்சிருக்கும். அந்தச் செடியப் பிடுங்கி பையில கட்டிப் போடறதத் தவிர வழியில்ல, பாவம் பாத்து வச்சிருந்தா பக்கத்துச் செடிக்கும் போகும். மிளகா பெருசா போடறவங்க மேல சில்வர் கீழ கருப்புன்னு ஒரு பிளாஸ்டிக் விரிக்கறது இதுக்கும் சேத்துதான், வெளிச்சம் திருப்பி அடிச்சா பறந்து வர்ற அசுவினி இறங்காது. சுத்தி சோளம் ஒரு வரிசை நட்டா வர்றது முதல்ல அதுல வாய வச்சு வைரஸத் துடைச்சிட்டுத்தான் உள்ள வரும், சோளத்துல வர்ற அசுவினி வேற இனம், அது மிளகாயில குடியேறிப் பெருகாது, ஆனா அதத் தின்ன வந்த பொறிவண்டு வரும். வாழையில கொத்து இலை நோய் வந்தாலும் இதே கதைதான், குட்டையா இலை எல்லாம் ஒரே கொத்தா நின்னா கிழங்கோட தோண்டி எடுத்துருங்க.

தோட்டத்து ரோட்டோரமா வெள்ளையும் மஞ்சளுமா ஒரு பூ வரிசையா நட்டிருக்கறத எல்லாரும் பாத்திருப்பீங்க, காலையில எட்டு மணி வாக்குல விரியும், மதியத்துக்குள்ள மூடிக்கும், டர்னெரான்னு பேரு. அழகுக்குன்னு நிறைய பேரு நெனக்கறாங்க. கூடுகட்டிப் புழுவுல முட்டை வைக்கற குளவிக்குத் தேன் வேணும், அதுக்காக நட்டது. வீட்டுலயும் இதே கணக்குதான், சிர்ஃபிட் ஈயும் குட்டிக் குளவியும் பெருசானப்புறம் பூவுலதான் சாப்பிடும், பூவே இல்லாத வாசலுக்கு அதுங்க ஏன் வரணும்? டர்னெரா ஒரு குச்சி ஒடிச்சு நட்டாலே வந்துரும். அது போக துளசிய ஒரு பக்கம் பூக்க விடுங்க, கடுகு கொஞ்சம் தூவுங்க. எல்லாத்துலயும் சுலபம் கொத்தமல்லி, நம்ம வெயிலுக்கு அது தழையா நிக்காது, சீக்கிரமே தண்டு ஏறி பூத்துரும், சமையலுக்கு ஆகலயேன்னு எல்லாரும் வருத்தப்படுவாங்க, இந்த வேலைக்கு அதுதான் வசதி. அந்தக் குட்டிப் பூவுல தேன் மேலாப்புலயே இருக்கும், குட்டி வாய் உள்ள குளவிக்கும் எட்டும். மளிகைக் கடையில சமையலுக்கு விக்கற மல்லி விதையவே லேசா ரெண்டா உடைச்சு, ஜனவரி முதல் வாரத்துல மிளகாத் தொட்டிக்குப் பக்கத்துல ஒரு டின்னுல போட்டு விடுங்க, பிப்ரவரி மார்ச் வெயில்ல பேன் ஏறற சமயத்துக்குப் பூத்து நிக்கும்.